கல்லுண்ணி

எட்டாம் வகுப்பில் என் மகள் ஒரு மிருகத்தை உண்டாக்கினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்திருந்தாள்: ஆறு கால், உளி போலப் பல், வெள்ளை வெளேரென்று உடம்பு. பெயர் கல்லுண்ணி. மதில் கட்டுகிற செந்நிற வெட்டுக்கல்லைத் தவிர வேறெதுவும் தின்னாது.

"அப்பா, கல்லு மட்டும் தின்னு ஒரு ஜீவி ஜீவிக்குமா?"

ஆரியசாலையில் அரிசி மண்டிக்கு மேலே மாடியறை எடுத்து, மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். கேள்வி என்று ஒன்று கிடைத்துவிட்டால் கேட்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். பிடித்துக்கொண்டேன். இரும்பையும் கந்தகத்தையும் வைத்துப் பிழைக்கிற பாக்டீரியாக்கள் உண்டு; கண்ணுக்கே தெரியாத உடம்பு, அதனால் அந்தக் கொஞ்சம் போதும். ஆறு காலால் நடக்கிற மிருகத்துக்கு இராப்பகல் தின்றாலும் காணாது. வெட்டுக்கல்லில் இரும்பு இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் அது துருப்பிடித்து முடிந்த இரும்பு. எரிந்த சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு என்ன பிரயோஜனம்?

"அப்போ ஆனை மண்ணு திங்குதே? போனக்காட்டு மலைக்கு டூர் போனப்போ சொன்னாங்க."

"உடம்புல உப்பு குறைஞ்சா திங்கும் மக்ளே. அது பசி இல்ல, குறை."

"தின்னா குறை தீருமா?"

"ஆனைக்குத் தீரலாம். உன் கல்லுண்ணி ஒரு மாசம் தாங்காது" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு நோட்டை மூடினாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வகுப்பு டீச்சர் போன் செய்தார். நான் சாலைக் கடைத்தெருவில் நின்றிருந்தேன்; பக்கத்தில் லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "மோள்க்கு நல்ல விளர்ச்சயுண்டு. ஒன்னு ஸ்ரத்திக்கணம்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலிலிருந்து இந்த மலையாளம் பேசுகிற ஊருக்கு வந்தவன் நான். வீட்டில் மலையாளம் என் மனைவியின் இலாகா. அவள் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. என் காதில் 'வளர்ச்சி' என்றுதான் விழுந்தது. பெண் வளர்ந்துவிட்டாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெருமை வேறு.

"வளரெ சந்தோஷம் டீச்சர்" என்றேன். அவர் "எந்தா?" என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே ஒரு அளவு பெரிய யூனிஃபார்ம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தொளதொள யூனிஃபார்மோடுதான் பள்ளிக்கூட மாடிப்படியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதம் மாதிரி இருந்தது. "கண்டில்லே? விளர்ச்ச. எத்ர நாளாயி?" அப்போதுதான் அந்த 'வி' என் காதில் விழுந்தது. வெளிறிப்போவது. இரத்தசோகை. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிற பாடம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிச்சத்தை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர் நர்ஸ். ஒரு வருடமாக மாதாமாதம் பத்து நாள், பன்னிரண்டு நாள் உதிரம் போயிருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தானோ என்று அவளுக்குச் சந்தேகம். கேட்க வீட்டில் பெண் துணை கிடையாது. கொல்லை மதிலின் வெட்டுக்கல்லைச் சுரண்டித் தின்றதையும் சொல்லியிருக்கிறாள். துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் மதிலில் ஒரு பள்ளம் இருந்தது எனக்குத் தெரியும். மழையில் கரைந்தது என்று நினைத்து, சிமென்ட் பூச ஆள் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏன் மக்ளே எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கேட்டேன்லா அப்பா. ஒரு மாசம் தாங்காதுன்னு நீங்கதானே சொன்னது."