விருந்தாளிக் கோப்பை

டிசம்பர் 27, சனிக்கிழமை. விடியுமுன் பெய்த மழையால், சிரம்பான் நகரை ஒட்டிய ராசாவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து, சாமி விளக்கேற்றி, துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, பசாருக்குப் போய்க் கங்கோங் கீரையும் நெத்திலியும் வாங்கிவந்தேன். பிறகு ஆணியில் மாட்டியிருக்கும் என் எனாமல் குவளையை எடுத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டேன். அதன் விளிம்பில் பூச்சு உதிர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே உதடு பட்டால் லேசான இரும்புச் சுவை தெரியும். வேண்டுமென்றே அந்தப் பக்கமாகத்தான் தினமும் குடிக்கிறேன்.

இந்தக் குவளை பின்னாளில் ரந்தாவ் கடையொன்றில் நான் வாங்கியது. சிறு வயதில் எனக்கென்று இருந்தது வேறொன்று. அதை "மங்கு" என்போம். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின், தொழிலாளர் லயத்திலிருந்து என்னை ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் இல்லத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி இருந்த பழைய பங்களாவைத்தான் இல்லமாக மாற்றியிருந்தார்கள். அதை நடத்தியவர் அந்தக் கிராணியின் மனைவி. கணவர் இறந்தபின் வீட்டை வெறுமனே வைத்துக்கொள்ள மனமில்லாமல் தேவாலயத்தாரின் உதவியோடு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவர். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே எனக்கு ஒரு மங்கு கிடைத்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, பிடிக்குக் கீழே மரங்களுக்கு அடையாளமிடுகிற சிவப்புச் சாயத்தில் ஒரு பிறை. பிறை போட்டது என்னுடையது, நட்சத்திரம் போட்டது பக்கத்துக் கட்டில்காரியுடையது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம். படுக்கை விரிப்பு, சட்டை, செருப்பு எல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும் இடத்தில், சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய அந்த மங்குகள் மட்டும் நாங்கள் அங்கே இருக்கும்வரை மாறாதவை. ஓர் ஆணி காலியாக இருந்தால், மங்கு கட்டிலுக்குப் போயிருக்கிறது, அந்தப் பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வோம்.

இல்லத்தில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். குளிக்க, வெளி வராந்தாவில் உட்கார, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள, எல்லாவற்றுக்கும் ஒரு "போலாமா", ஒரு "எடுக்கலாமா" உண்டு. மங்குக்கு மட்டும் அனுமதி வேண்டியதில்லை. பெரிய கெண்டியில் "தேத்தண்ணி" இருக்கும்வரை யாரும் எப்போதும் தன் மங்கை எடுத்து ஊற்றிக்கொள்ளலாம். இந்த வழக்கம் எப்படி வந்ததென்று தெரியாது. எதையும் கேட்காமல் செய்ய எங்களுக்கு இருந்த உரிமை அது ஒன்றுதான் என்பது, அங்கிருந்து வந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பீங்கான் கோப்பைகளும் இருந்தன. ரோஜாப்பூ போட்ட, தட்டோடு கூடிய அந்தக் கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. கிராணி உயிரோடு இருந்தபோது தோட்டத்துத் துரை வந்தால் எடுப்பார்களாம். எங்கள் காலத்தில் பாதிரியாருக்கும், நலத்துறை அதிகாரிகளுக்கும், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அரிசி மூட்டையோடு வந்து எங்களோடு படம் எடுத்துக்கொள்பவர்களுக்கும் அவற்றில் தேநீர் கொடுப்பார்கள். தட்டோரத்தில் இரண்டு மாரி பிஸ்கட் இருக்கும். அவர்கள் சாப்பிடாமல் விட்டால் எங்களுக்கு வரும் என்பதால், அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதில் எங்களுக்கு அக்கறை உண்டு.

பள்ளி முடிந்து, பதினெட்டு வயதும் ஆகிவிட்டால் இல்லத்தைவிட்டுப் போக வேண்டும். அது சட்டமா, வழக்கமா என்று யாரும் கேட்டதில்லை. போகிற அன்று தன் மங்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, இருப்பதிலேயே புதிதாக வந்த பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். பெரியம்மா ஜெபம் சொல்லி, தலையில் கை வைத்து, "மங்கு கைமாறிருச்சு, இனிமே நீ பெரிய மனுஷி" என்பார். எனக்கும் சொன்னார். என் பிறையை, மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒரு சின்னப்பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சிரம்பான் பஸ் ஏறினேன். துணிக்கடை ஒன்றில் வேலையும், கடைக்கு மேலேயே மற்றப் பெண்களோடு தங்க ஓர் அறையும் பெரியம்மாவே பேசி வைத்திருந்தார். வேலை, படுக்கை, போய்ச் சேரப் பஸ் என்று அந்தக் காலத்தில் செய்ய முடிந்ததையெல்லாம் அவர் செய்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஆண்டு தீபாவளி வியாபாரம் முடிந்ததும் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் நான். வேலை போனதும் மேலே இருந்த படுக்கையும் போயிற்று. மற்றப் பெண்களெல்லாம் இப்படி ஆனால் வீட்டுக்குப் போவார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு ரந்தாவுக்குப் போனேன். அடுத்த வேலை கிடைக்கும்வரை ஒரு மூலையில் பாய் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்பதாக முடிவு செய்து, பஸ்ஸில் அந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

பெரியம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். முன்னறையில் உட்காரச் சொன்னார். முன்னறை நாற்காலியில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை, தூசிதான் துடைத்திருக்கிறேன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சற்று நேரத்தில் ஒரு பெண் ரோஜாப்பூக் கோப்பையில், தட்டில் இரண்டு மாரி பிஸ்கட்டோடு தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே நின்றவள்தான்.

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தேன். பிஸ்கட்டைத் தொடவில்லை. வேலை எப்படி என்று பெரியம்மா கேட்டார். விருந்தாளியாக உட்காரவைத்தவரிடம் பாய் கேட்க முடியாமல், நல்லாயிருக்கு என்றேன். பை எதற்கு என்று கேட்டார். மந்தினில் ஒரு தோழி வீட்டுக்குப் போகிறேன், வழியில் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று சொன்னேன். மந்தின் ரந்தாவுக்கு வழியே இல்லை. இரண்டும் சிரம்பானுக்கு எதிரெதிர்ப் பக்கம். பெரியம்மா அதைக் கவனித்தாரோ இல்லையோ, "சந்தோஷம்டா சரோஜா, நல்லாயிரு" என்றார்.

சொன்ன பொய்யை மெய்யாக்குவதைத் தவிர வேறு வழி இல்லாததால் மந்தினுக்கே போனேன். கூட வேலை செய்த ஒருத்தியின் வீடு அங்கே இருந்தது. அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, பையைப் பார்த்து, "பசியாறுனியா?" என்று மட்டும் கேட்டார். ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டில் இருந்தேன். அது அதிர்ஷ்டம். எனக்குப்பின் இல்லத்தைவிட்டுப் போன பலருக்கு அப்படி ஒரு மந்தின் வாய்க்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, படுக்கையில் இருந்த பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது அவரே அந்த நாளைப் பற்றிப் பேசினார். "நீ மொத மொத திரும்பி வந்தப்ப நாந்தான் அந்தக் கோப்பைய எடுக்கச் சொன்னேன். தொரைக்குக் குடுத்தத எம்புள்ளைக்குக் குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆச" என்றார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அன்று எதற்காக வந்தேன் என்பதை அப்போதும் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது இல்லத்தை லில்லி பார்த்துக்கொள்கிறார். என்னைவிட இளையவர், முறையாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவர். கிறிஸ்துமஸுக்கு முன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். சென்ற ஆண்டு அனுப்பிய பெண் ஒருத்தி வேலையையும் அறையையும் விட்டுவிட்டு எங்கெங்கோ இருந்திருக்கிறாள், இல்லத்தாருக்குத் தெரியவே மாதங்களாயின. "ஏம்மா இங்க வரலன்னு கேட்டா, எப்படி வர்றதுன்னு என்னையே திருப்பிக் கேக்கிறாக்கா" என்றார். இந்த ஆண்டு ஷாமினியின் முறை. பரீட்சை முடிந்துவிட்டது, ராசாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடம் அமையவில்லை. என் மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து பின்னறை காலி. சரி என்றேன்.

ஆகவே, அந்தச் சனிக்கிழமை துணிகளைக் காயப்போட்டுவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு ரந்தாவுக்குப் போனேன். பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, இப்போது பாதிச் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டத்தின் பலகை நிற்கிறது. நான் பிறந்த லயம் எந்த இடத்தில் இருந்ததென்று இனி யாராலும் காட்ட முடியாது. இல்லம் மட்டும் அதே பங்களாவில் இருக்கிறது. சுவரில் மங்குகள் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் குவளைகள், ஒரே நிறம், ஒரு கூடையில் கவிழ்த்துக் கிடந்தன. கைமாற்றும் வழக்கமும் அவற்றோடு போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. முன்னறையில் உட்கார்ந்ததும் ரோஜாப்பூக் கோப்பையில் தேநீர் வந்தது. இம்முறை எனக்கு ஒன்று, பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த ஷாமினிக்கும் ஒன்று.

ஷாமினி அதைப் பார்த்தாள். கோப்பையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். கூடையில் கையைவிட்டு ஒரு பிளாஸ்டிக் குவளையை எடுத்துத் தேநீரை அதில் மாற்றி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னடி இது?" என்றார் லில்லி.

"இது நமக்குச் சரிப்படாது லா. ஒடஞ்சிட்டா யாரு ஏச்சு வாங்குறது?"

லில்லி சிரித்துவிட்டார். ஷாமினி சிரிக்கவில்லை. குடித்து முடித்தபின், குவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நா திரும்பி வரணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

லில்லி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. "கேக்க வேணாம்" என்றார். "நேரா குசினிக்கு வா. இப்பப் போன மாதிரியே." ஷாமினி தலையாட்டினாள். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய், ஒவ்வொரு முறையும் முன்னறையில் உட்கார்ந்து அந்தக் கோப்பையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறேன். சமையலறை பத்து எட்டு தூரம்கூட இல்லை.

வரும் வழியில் அவள் நிறையப் பேசினாள். அக்கா, உங்க காலத்துல சோத்துல புழு இருக்குமாமே, அக்கா, ரொட்டிக் கட மொதலாளி கடுகடுன்னு இருப்பாராமே என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லத்துப் பெண்கள் எந்த வயதானாலும் ஒருவருக்கொருவர் அக்காதான். வீட்டுக்கு வந்து பின்னறையைக் காட்டினேன், சாவியைக் கொடுத்தேன், நெத்திலி சம்பால் செய்தேன். சாப்பிட்டபின் தேநீர் போட்டேன். எனக்கு என் குவளையில் ஊற்றினேன். அவளுக்கு, முதல் நாளாயிற்றே என்று, யாராவது வந்தால் எடுக்கிற பீங்கான் கோப்பையில் ஊற்றித் தட்டோடு நீட்டினேன். கை தன்பாட்டுக்குச் செய்தது. நீட்டியபிறகுதான் பார்த்தேன்.

அவளும் பார்த்தாள். இது அவளுடைய சமையலறை இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.

டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, விளக்கேற்றுவதற்கும் முன்னால், பீங்கான் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். இல்லத்தில் மணியடிக்கும் நேரத்துக்கே எழுந்துவிட்ட ஷாமினி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எடுத்து வைக்கிறீங்க?"

"ஒடஞ்சிட்டா யாரு ஏச்சு வாங்குறது?" என்றேன்.

பெட்டியை அலமாரியின் உச்சியில் தள்ளிவிட்டு, சில்வர் டம்ளர்கள் இருக்கும் கீழ்க்கதவைத் திறந்தபடியே விட்டேன். அதன் பிறகுதான் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.