வெளிர்நீலத் தொப்பியும் நடக்காத வாக்கெடுப்பும்

ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் உம்மாவும் நானும் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று வாப்பா அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே, கடைக்குச் சரக்கு வந்த செய்திபோலச் சொன்னார்.

பெண் பிள்ளைகள் வளர்ந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவது அப்போது ஷார்ஜாவில் எங்கள் ஆட்களிடையே வழக்கம். ஆண்கள் மட்டும் பக்கத்து நகரில், தேராவில் கடையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். என் வகுப்புத் தோழிகள் இருவர் அப்படித்தான் காணாமல் போயிருந்தார்கள். அடுத்தது நான்.

வாப்பாவின் தம்பியான சாச்சா அன்று சாப்பிட வந்திருந்தார். ஊர் ஓரத்தில் முவைலாவில், கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். தலையில் ஒரு வெளிர்நீலத் தொப்பி. மேற்கு சஹாரா என்ற பாலைவனப் பகுதியில் இருந்த சர்வதேச அமைதிப்படைக்கு அவருடைய கம்பெனி தண்ணீரும் கூடாரமும் அனுப்பியது. தொப்பி சாம்பிளுக்கு வந்ததாம்.

"அங்க என்ன சண்டை சாச்சா?" பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"தனி நாடா இருக்கணுமா, பக்கத்து நாட்டோட சேரணுமான்னு அந்த சனங்க ஓட்டுப் போட்டுச் சொல்லணும். அதுக்குக் காவலுக்குப் போன படை. போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு."

"யாரு ஜெயிச்சா?"

"ஓட்டே நடக்கல புள்ள. யாருக்கெல்லாம் ஓட்டுன்னு இன்னும் அடிச்சிக்கிறாங்க."

ஓட்டு என்ற சொல் மட்டும் என் மனதில் நின்றது. காலிப் பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். இங்கேயே இருக்கக் கொண்டைக்கடலை, ஊருக்குப் போகப் பட்டாணி. சாச்சா அமைதிப்படை. அவருக்கு ஓட்டு கிடையாது. அவர் எழுந்து டப்பாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

வாப்பா சிரித்தார். உம்மா எழுந்து வந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்ததும் சிரிப்பு நின்றது.

"விசா என் பேர்ல. வீடு என் பேர்ல. இங்க ஓட்டு எனக்கு மட்டுந்தான். கலாஸ், முடிஞ்சுது," என்றார் வாப்பா.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பாவும் அப்படி வந்தவர்தான்.

"சரி," என்றார் உம்மா. "இது ஒங்க வீடு, எனக்கு ஓட்டு இல்ல. ஊருல உள்ளது என் வீடு. அங்க யாரு வரணும்னு சொல்ல ஒங்களுக்கு ஓட்டு இல்ல. நான் அங்க யாரையும் வர விடப் போறதில்ல. என்னையும் சேத்துத்தான்."

"காக்கா, மதினி சொல்ற சட்டம் சரியாத்தான் இருக்கு," என்றார் சாச்சா அண்ணனிடம்.

"நீ படையா, வக்கீலா?"

"படைதான். சுட அனுமதி இல்ல."

வாப்பா கை கழுவ எழுந்தார். "மொதல்ல யாருக்கு ஓட்டுன்னு பேசி முடிப்போம்."

அந்தப் பேச்சு முடியவே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் வாப்பா டிக்கெட் பேச்சை எடுப்பார். மீன் கழுவுகிற உம்மா தலையை நிமிர்த்தாமல், "ஓட்டு யாருக்குன்னு முடிவாச்சா?" என்பார். கெஞ்சியதும் இல்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. அசையவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை நான் ஷார்ஜாவிலேயே படித்தேன். இன்று என் மகளை எங்கே படிக்க வைப்பது என்று பேச உட்கார்ந்தால் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வருகிறது. அவளைக் கேட்காமல் முடிவு செய்ய மனம் வருவதில்லை. கேட்கவும் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை சாச்சா கேம்ப்புக்குக் கிளம்பியபோது வாசல்வரை ஓடிப்போய், "பாத்தீங்களா, ஓட்டு தள்ளிப்போனா நல்லதுதான்," என்றேன் பெருமையாக. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். தள்ளிப்போன ஒவ்வோர் ஆண்டும் எனக்குப் பள்ளிக்கூடமாகக் கிடைத்தது. அதே ஆண்டுகளை, மேற்கு சஹாராவின் ஓட்டு நடக்காததால் அகதி முகாமின் மணலில் கழித்த என் வயதுப் பெண்கள் இருந்தார்கள் என்பதும், காத்திருந்து அவர்கள் எதையும் ஜெயிக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.