மஞ்சள் பாம்பு எங்கே போச்சு?

மாங்காய் பச்சையாக இருந்து மஞ்சளாகப் பழுக்கும். இதுவோ மஞ்சளாகப் பிறந்து பச்சையாக வளரும். கிளையில் தொங்கும், ஆனால் பறித்துத் தின்ன முடியாது. அது என்ன?

யோசித்துக்கொண்டே படியுங்கள். ஊர் ஊராகக் கூடாரம் போடும் மிருகக் காட்சியில் நான் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவன். அந்த வேலையில் கரடியைக்கூடச் சமாளித்துவிடலாம். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவரைச் சமாளிப்பதுதான் பாடு. எந்தக் கடையிலாவது, ஆபீசிலாவது நாலு பேருக்குப் பதில் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தவளைக் குற்றம்

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய சமயம். ஜாவாவுக்கும் அப்பால் ஏதோ ஒரு தீவில் பிடித்தது என்று சொல்லி, ஒரு கப்பல்காரர் எங்கள் முதலாளிக்கு ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கொடுத்தார். விரல் பருமன், எலுமிச்சம்பழ மஞ்சள். கிளையில் கயிறு போலச் சுருண்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு தூங்கும். முதலாளியின் ஏழு வயது மகள் பொன்னி அதற்குத் 'தங்கம்' என்று பெயர் வைத்தாள். அது அவளுடைய பாம்பு. நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

பொன்னியின் அம்மாவுக்குப் பிரசவ நேரம் வந்ததும் முதலாளி குடும்பத்தோடு கும்பகோணம் போனார். போகும்போது, "சாமிநாதா, தங்கத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு இங்க வேலை கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருமழபாடியில் கூடாரம் போட்டிருந்தபோது தங்கத்தின் முதுகில் பாசி படிந்தது போல ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. மறுவாரம் இன்னும் சில திட்டுகள். கூடாரம் கட்டும் ரஹீம் பாய் பார்த்துவிட்டு, தீனிதான் காரணம் என்றார். நானும் கொள்ளிடக் கரையில் அலைந்து, மஞ்சளாக இருந்த தவளைகளாகப் பொறுக்கி வந்து போட்டேன். பாம்பு சந்தோஷமாகத் தின்றது; பச்சையும் கூடியது. "பாம்பத் திட்டாதீங்கண்ணே. இந்த ஊர்த் தவளைக்கு வெளியதான் மஞ்சள், உள்ள அம்புட்டும் பச்சை" என்றார் பாய்.

ஈரத்துண்டு

அரியலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கத்திடம் மஞ்சள் என்று சொல்ல வயிற்றோரம் கொஞ்சம்தான் மிச்சம். வாசலிலோ 'தங்கப் பாம்பு' என்ற போர்டு தொங்கியது. முன்பு ஒரு தடவை வந்து பார்த்திருந்த உடையார்பாளையத்து விவசாயி ஒருவர், குடும்பத்தையே வண்டி கட்டிக் கூட்டி வந்திருந்தார். கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அன்னைக்கு மஞ்சள் அரைச்சுப் பூசி ஏமாத்தினீங்க. இன்னைக்குச் சாயம் வெளுத்துடுச்சு" என்றார்.

நான் கூண்டைத் திறந்து பாம்பை நீட்டினேன். அவர் துண்டை நனைத்து, தலை முதல் வால் வரை தேய்த்தார். துண்டை முகர்ந்தார். பிறகு மனைவியிடம் கொடுத்து முகரச் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர் சொன்னார்: "மஞ்சளும் இல்ல, பச்சிலையும் இல்ல. அப்ப இதுக்குள்ளதான் என்னமோ ஊத்தியிருக்கீங்க!"

முதலாளி வந்தார்

நாங்கள் பெரம்பலூரில் இருந்தபோது முதலாளி திரும்பினார். கூடவே பொன்னி, கைக்குழந்தையோடு அவள் அம்மா. கூண்டில் இலை நிறத்தில் ஒரு பாம்பு தொங்கியது. மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை.

"தங்கத்த எங்கடா?"

"இதுதாங்க முதலாளி."

"எனக்குக் கண்ணு இல்லையா? செத்துப்போச்சா, இல்ல எவன்கிட்டயாவது குடுத்துட்டியா?"

வந்த புதிதில் கூண்டுக் கதவில் சிக்கி நுனி அறுந்துபோன வாலைக் காட்டினேன். அது நடந்தபோது அவரே பக்கத்தில் நின்றிருந்தார். "வாலை எவன் வேணாலும் நறுக்கலாம்" என்றார். ரஹீம் பாய் தவளைக் கதையை ஆரம்பித்தார். அது என் கட்சியை இன்னும் கெடுத்தது. எப்படி நிறம் மாறியது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த இனமே குட்டியில் மஞ்சளாக இருந்து, வளர வளரப் பச்சையாகும் என்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில்தான் படித்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு அறுந்த வால் மட்டும். "படுக்கையைச் சுருட்டு" என்றார் முதலாளி. சுருட்டப் போனேன்.

பொன்னி கூண்டருகில் குந்தி வெகுநேரம் பார்த்தாள். பாம்பைப் பார்த்தாள், அம்மா மடியில் தூங்கும் தம்பியைப் பார்த்தாள். அவளுக்கும் குழப்பம்தான். பிறகு அப்பாவிடம் கேட்டாள்: "தம்பி பொறந்தப்ப ரோசாப்பூ மாதிரி செவப்பா இருந்தான். இப்ப உங்க நெறத்துக்கு வந்துட்டான். மருத்துவச்சி புள்ளைய மாத்திட்டான்னா சொன்னீங்க?"

அவள் அம்மா சிரித்துவிட்டாள். முதலாளி குனிந்து பாம்பின் வாலை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, படுக்கையை விரிக்கச் சொன்னார்.

வேலை பார்க்கும் நண்பர்களே, முதலாளி ஊரில் இல்லாதபோது வளர்கிற எதற்கும் பொறுப்பேற்காதீர்கள்.

வாசல் போர்டைப் பச்சையில் எழுதினார்கள். பாம்புக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று முதலாளி கேட்டார். பொன்னி 'தங்கம்' என்றே இருக்கட்டும் என்றாள்.