உள்மடிப்பில் விட்ட துணி

கண்ணை மூடிக்கொண்டு, குண்டூசியின் தலைப் பக்கத்தால் தன் இடது கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்குகிறார் மாஸ்டர். பேண்ட் முழங்கால் வரை சுருட்டப்பட்டிருக்கிறது. தொடுவது எந்த இடத்தில் தெரியாமல் போகிறதோ அங்கே நிறுத்தி, காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து ஒரு கோடு இழுக்கிறார். கடை திறந்ததும் முதல் வேலை இதுதான். துணி கொடுக்க வருகிறவர்கள், மனிதர் தன்னையே வெட்டித் தைக்கப் போகிறாரோ என்று வாசலிலேயே தயங்கி நிற்பதுண்டு.

யாராவது "என்ன மாஸ்டர் இது?" என்று வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு. அவர்கள் அவசரத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் காலை நீட்டிவிடுவார். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தோல் ஒரே துணி இல்லை, பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது என்பது அவர் கட்சி. துண்டுக்கு ஒரு நரம்பு. உள்பக்கம், முழங்காலிலிருந்து பாதத்தின் உள்விளிம்பு வரை நீளமாக ஒரு துண்டு. அதன் நரம்பு தொடையிலிருந்தே இறங்கி வருகிறது. வெளிப்பக்கத்தில் மேலே கொஞ்சம் இன்னொன்று. அதற்குக் கீழே முன்பக்கமும் பாதத்தின் மேற்பரப்பும் சேர்ந்து வேறொன்று. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, சட்டையின் அக்குளில் வைக்கிற மாதிரி குட்டியாய் ஒரு முக்கோணம். அந்தத் தம்மாத்தூண்டு இடத்துக்கும் தனி நரம்பு உண்டு. கடைசியில் பின்பக்கத் துண்டு: கெண்டைக்காலின் பாதியில் தொடங்கி, வெளிக் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, பாதத்தின் விளிம்போடு சுண்டுவிரல் வரை போவது.

"இந்தப் பீஸ்தான் இப்ப என்கிட்ட இல்ல," என்பார், ஏதோ பரிசு வாங்கியவர் போல.

அது இல்லாமல் போன கதை சிறியது. கடையின் கண்ணாடிக் கதவு உடைந்து அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு நடுவில் சிதைந்துவிட்டது. இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் தாங்காது, ஒட்டுப்போட வேறு நரம்பு வேண்டும் என்றார் டாக்டரம்மா. காலின் பின்பக்க நரம்பை எடுக்கலாம். அது தொட்டால் தெரிவதற்கு மட்டும்தான். எடுத்தாலும் நடை கெடாது. மாஸ்டருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "உள்மடிப்புல விட்டு வெச்ச துணிதானேங்க? தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்னு," என்றாராம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாராம்.

காலைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அவர் மனைவி, அவர் பாதத்தின் விளிம்பில் நின்றுகொண்டே பக்கத்து வீட்டு விவகாரம் முழுவதையும் சொல்லி முடித்தார். மிதித்தவருக்கும் தெரியவில்லை, மிதிபட்டவருக்கும் தெரியவில்லை. மச்சினன் வந்தால் இன்னும் கொண்டாட்டம். இனிமேல் மாமா யாருக்குக் கை கொடுத்தாலும், அவர்கள் மாமாவின் காலைப் பிடித்த கணக்குத்தான் என்று ஒரே போடாகப் போட்டான். அந்த ஜோக்கை இப்போது மாஸ்டர் தன்னுடையதாகவே சொல்லிக்கொண்டு திரிகிறார். மரத்த இடமும் வர வரச் சுருங்குகிறது. பக்கத்து நரம்புகள் மெல்ல எல்லை தாண்டி உள்ளே வருமாம். முன்பு கணுக்காலுக்கு மேலே விழுந்த கோடு இப்போது கணுக்காலுக்கே இறங்கிவிட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

கைதான் கவலை. முன்பெல்லாம் எந்தத் துணி வந்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடி ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். இது சுருங்கும், இது நூல் பிரியும், இதற்கு லைனிங் வைக்காவிட்டால் தொங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பார். இப்போது அந்த விரல்களுக்குப் பட்டும் சாக்குப்பையும் ஒன்றுதான். ஊசி குத்தினால்கூட, துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும். இடது கையால் தேய்த்துப் பார்த்தார். அது அந்தப் பாடம் படிக்காத கை. ஆகவே மனைவிதான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார். அவருக்கு எல்லாத் துணியும் "நல்லாத்தாங்க இருக்கு". மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலிலிருந்து போன நரம்பு வெறும் பாதைதான். அதன் வழியே கை நரம்பு புதிதாக வளர்ந்து விரல் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். நாளொன்றுக்கு அரைத் தையல் தூரம் நகர்ந்தால் பெரிய காரியம். மணிக்கட்டிலிருந்து லேசாகத் தட்டிக்கொண்டே வருவார். எங்கே தட்டும்போது விர்ரென்று விரலில் ஏறுகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் புள்ளி. புள்ளி உள்ளங்கையைக் கடந்து விரல்களுக்குள் நுழைந்து கொஞ்ச காலமாயிற்று. நுனி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. நுனிக்குப் போய்ச் சேர்ந்தாலும் முதலில் விலாசம் மாறலாம், ஒரு விரலைத் தொட்டால் இன்னொரு விரலில் தெரியலாம், போகப் போகச் சரியாகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லி வைத்திருக்கிறார். முதலில் வரட்டும், விலாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மாஸ்டரின் பதில்.

கண்ணால் பார்த்துப் பார்த்தே மெஷினில் தைத்துவிடுகிறார், வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பயம் இருக்கிறது. கடையில் ஆளில்லாத நேரத்தில் மனைவியிடம் ஒரே ஒருமுறை அதைச் சொன்னார்: "நுனி வரலைன்னா நான் மெஷின் ஓட்டுற ஆளும்மா. டெய்லர்னு போர்டுல இருக்கக்கூடாது." மறுநாள் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைப் பளிச்சென்று துடைத்து வைத்தார்.

இந்த வாரம் ஒரு மதியம். ஒரு குழந்தையின் கவுனுக்கு ஓரம் மடித்து, நெடுகக் குண்டூசி குத்தி வைத்திருந்தார் மனைவி. மாஸ்டர் அதை மெஷினில் ஓட்டியபடி, பார்வையை நகர்த்தாமல் ஒவ்வொரு ஊசியாக உருவிக்கொண்டிருந்தார். வாசலில் யாருடைய நிழலோ ஆடியது. ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்ஸ்..."

மெஷின் நின்றது. விபத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் அவரிடமிருந்து வந்ததே இல்லை. மனைவி ஓடி வந்தபோது மாஸ்டர் நடுவிரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார் மனைவி. நடுவிரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆள்காட்டி விரலின் நுனியில் கடுகளவு ரத்தம் நின்றது.

"குத்தினது இதுலங்க."

மாஸ்டர் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நடுவிரலைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"இருக்கட்டும்மா. வலிக்கிறது இதுல."

ரத்தம் வந்த விரலைத் துடைக்க மனைவியிடம் விட்டுவிட்டு, வலிக்கிற விரலை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.