முள்ளம்பன்றிக்குப் போட்ட புகை

சிலமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான் நட்டிருந்த சேனைக்கிழங்கை முள்ளம்பன்றி ஒன்று தோண்டித் தின்றுகொண்டிருந்தது. தகரம் வைத்து அடைத்தோம். அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வந்தது. வேலியோரம் அதன் வளையைக் கண்டதும் என் வீட்டுக்காரர், "கொன்னா கேஸாயிரும். வத்தப் புகை போட்டா மலைக்கு ஓடிரும்" என்றார்.

வளை வாயில் நெருப்புச் சட்டியை வைத்து, மிளகாய் வற்றலைக் கொட்டி முறத்தால் விசிறினார். மலைப் பக்கம் இருந்த இன்னொரு வாயருகே நான் நின்றேன். அங்கே புகையும் வரவில்லை, முள்ளம்பன்றியும் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்துதான் நெடி வந்தது.

விற்பதற்காக ஏலக்காய் மூட்டைகளை அடுக்கியிருந்த அறைக்கு ஓடினோம். காயில் வாடை ஏறிவிடும் என்று, அங்கே வைத்த ஒரு ஊறுகாய் ஜாடிக்காக என்னை அந்தப் பேச்சுப் பேசியவர் அவர். இப்போது தரை வெடிப்பிலிருந்து மூட்டைகளுக்கு நடுவே புகை எழுந்துகொண்டிருந்தது. இருமிக்கொண்டே ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு காயை வாயில் போட்டு மென்றார்.

"ஏலத்துக்குக் கொண்டுபோலாமா?" என்று கேட்டேன்.

அவர் துப்பினார். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, தரைக்கடியில், முட்கள் சிலிர்த்துக் கலகலக்கும் சத்தம் கேட்டது.