நான் ஊற்றிய வைன்

அத்தானை நான் அடித்த கதை பாரிஸ் லா சப்பலில் எங்கள் சனத்துக்கெல்லாம் தெரியும். அவர் அன்றைக்கு எப்படிக் குடிக்கத் தொடங்கினார் என்பது எனக்கும் அக்காவுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அத்தான் குடித்தால் அக்காவை அடிப்பார். அவர்களுடைய நாலாம் மாடி வீட்டில் கதவு, கதிரை, அக்காவின் கைவிரல் என்று உடையாதது குறைவு. போன வருடம் லூர்துக்குப் போய், இனி விஸ்கியைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வந்தார். எட்டு மாதம் தொடவுமில்லை. அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவள் சிரிக்கும்போது வாயைப் பொத்துவதையும் விட்டிருந்தாள்.

நான் இத்தாலிய உணவகம் ஒன்றில் குசினி வேலை. என் முதலாளியின் குடும்பத்துக்கு இத்தாலியில் உயரமான மலையொன்றில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பழம் வெட்ட ஆள் போதாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பூச்சிமருந்து அடிப்பதில்லை. புல்லை ஆடுகள் மேய்ந்து முடிக்கும். சரிவில் மெஷின் ஏறாது, எல்லாம் கைவேலை. முகில் எங்களுக்குக் கீழே கிடக்க, பத்து நாள் கூடை சுமந்ததில் என் முதுகு செத்துப்போனது. அந்தப் பழத்தில் செய்த சிவப்பு வைன் இந்த வருடம்தான் கைக்கு வந்தது. எனக்கென்று ஒரு போத்தல் தந்தார். காணி எழுதித் தந்ததுபோல எனக்குத் தலைகால் புரியவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு நான் இருக்கும் ஓல்னே-சூ-புவாவில் அக்கா வீட்டுக்கு ரயிலேறினேன். போத்தலைக் கண்டதும் அக்கா வாசலை மறித்தாள்.

"தம்பி, உதை இஞ்சை கொண்டு வராதை. திருப்பிக் கொண்டு போ."

"இது வைன் அக்கா. சாராயமே? பூசையிலை சாமியார் குடிக்கிறதுதானே."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு வைன் குடிக்கணக்கில் சேராது. நேர்த்தியிலும் விஸ்கி என்றுதானே இருந்தது? உள்ளே இருந்த அத்தானும் அதைத்தான் சொன்னார்.

"ஓமப்பா. நான் விஸ்கியைத்தானே விட்டனான். கொண்டா பாப்பம்."

நானே திறந்தேன், நானே ஊற்றினேன். மலை, ஆடு, கூடை என்று கதை அளந்துகொண்டே மூன்றாவது கிளாசையும் நிரப்பினேன். அவர் அதில் கோலா கலந்து குடித்தார். எனக்குச் சுட்டது. ஆனாலும் ஊற்றினேன். போத்தல் முடிந்ததும் கீழே கடைக்கு இறங்கிப் போய் விஸ்கியோடு வந்தார். அதில் அரைவாசி முடிந்தபோது, இறைச்சிக்கு உப்புக் காணாது என்று சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார்.

அக்கா குனிந்து பொறுக்கினாள். குனிந்தவளின் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். அவனுக்கு இனி என்ன மரியாதை. அவளுடைய கீழுதடு பிளந்து பல் தெரிந்தது. நான் அவன் கழுத்தைப் பிடித்து முகத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் விடவில்லை. விலாவில் உதைத்தேன், திரும்பவும் உதைத்தேன். உதைக்கச் சுகமாக இருந்தது, அதை மறைத்து என்ன. அக்கா வாயெல்லாம் ரத்தத்தோடு என் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினேன். தரையில் முனகிக்கொண்டு கிடந்தவனை அப்படியே விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

உதட்டில் ஐந்து தையல். அக்காவுக்குப் பிரெஞ்சு ஓடாது. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவளுக்காகக் கதைப்பது நான்தான். எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். பிறகு குரலைத் தணித்து, யாராவது அடித்தார்களா என்றும் கேட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லப்போறன். பொலிசிலை குடுப்பம்."

அவள் தையல் போட்ட வாயால் மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லு. சொல்றதெண்டா முழுக்கச் சொல்லு. எட்டு மாசமா என்னிலை கை வைக்கேல்லை எண்டு சொல்லு. நான் வாசலிலை மறிச்சனான் எண்டு சொல்லு. ஆர் ஊத்திக் குடுத்ததெண்டும் சொல்லு."

டொக்டர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். தரையில் வைன் சிந்திக் கிடந்தது, அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன்.