பிச்சைமுத்துவுக்கு ஒரு மிஸ்ட் கால்

பிச்சைமுத்து அண்ணன் போயிட்டாராம் என்று வேன் ஓட்டும் ஜெயபாலன்தான் இருளாயியிடம் சொன்னான். அவனுக்குச் சொன்னது தேநீர்க் கடையில் ஒரு மீன்காரர். மீன்காரருக்கு யார் சொன்னார்களோ.

"விடிஞ்சதும் அவர ஏத்திக்க வீட்டுக்குப் போய் ஹாரன் அடிச்சேன்கா. ஆள் வரல. வீடு பூட்டிக் கெடக்கு. நான் பாத்தது அவ்வளவுதான்."

இருளாயி வேனில் ஏறினாள். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில், வாரத்தில் மூன்று நாள், அவளுக்கும் பிச்சைமுத்துவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அம்மாவோடு பால்மரம் வெட்டிப் பால் எடுத்து வளர்ந்தவள் அவள். எண்ணெய்க்குச் செம்பனை போடுவதற்காக ரப்பரை அழித்தபோது தோட்டத்து லயன் வீட்டை விட்டு வந்து, தொழிற்சாலைக் கேண்டீனில் தட்டு கழுவினாள். புருஷன் இறந்தான். மகன் ரூபன் சிங்கப்பூர் போனான். இனிப்புநீர் வியாதி சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. இப்போது பிளாட்டின் நாலாவது மாடியில் அவளும் ஒரு காற்றாடியும்.

சாவுக்குப் பயமில்லை என்று அவள் சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் தான் செத்துக் கிடப்பது, வாடை வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியவரும் என்பது. ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிச்சைமுத்துவிடம் சொன்னாள். அவரும் தனிக்கட்டைதான். சிரித்தார்.

"இதுக்கா தூக்கத்தக் கெடுத்துக்கற? மிஷின் இல்லாத நாள்ல காலையில ஒரு மிஸ்ட் கால் குடு. ரெண்டு தடவ அடிச்சதும் வெட்டிரு. நானும் அப்படியே திருப்பி அடிக்கிறேன். எடுத்துப் பேசக்கூடாது, போன்ல உள்ள கிரெடிட் காசு போயிரும். பேச்செல்லாம் இங்க வந்து பேசிக்கலாம்லா."

"நீங்க திருப்பி அடிக்கலேன்னா?"

"அப்ப என் நாற்காலி ஒனக்கு. சன்னல் பக்கம், நல்ல காத்து."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் அடித்தாள். அவரும் அடித்தார்.

நிலையத்தில் தாதி ஷாமினி சன்னலோரத்தைக் காட்டினாள். "அக்கா, இன்னிக்கு அங்க உக்காருங்களேன். காலியாத்தான இருக்கு."

"அது ஆளு இருக்கற நாற்காலி, மிசி."

ஷாமினி அவளை அவளுடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து இடக்கையில் ஊசிகளை ஏற்றினாள். "நாங்களும் அவருக்கு போன் அடிச்சுப் பாத்தோம்கா. எடுக்கல."

இனி நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. ரத்தம் குழாய் வழியே போய்ச் சுற்றி வந்தது. இருளாயி வலக்கையால் பையைத் துழாவி போனை எடுத்துப் பிச்சைமுத்துவின் எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவை அடித்ததும், பழகிய விரல் வெட்டிவிட்டது.

ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போனை எடுக்க அவர் அப்போதுதான் கையை நீட்டியிருந்தால்?

போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்ப வரவில்லை. மிஷின் இல்லாத நாளில்தானே திருப்பி அடிப்பார், இன்று மிஷின் நாளாச்சே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். இரண்டாவது மணியில் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. போனைக் காதோடு இறுக்கி, விரலை மடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை அடித்தது. நாலாவது.

இவ்வளவு தூரம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எடுத்தால் அவர் ஹலோ என்பாரா, யாரு என்பாரா, அதுகூட அவளுக்குத் தெரியாது. சன்னல் காற்றில் திரைச்சீலை காலி நாற்காலியின் மேல் வந்து வந்து விழுந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது.